பைபாஸுக்குப் பிறகு நடை: மதுரை சென்டரா, வீட்டு வளவா?

போன தை மாதம் எனக்கு மதுரையில் இதய பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் அன்றே கார்டியாக் ரிஹாப், அதாவது இதயம் தேறுவதற்கான உடற்பயிற்சி பற்றிச் சொன்னார்கள்: வாரம் 3 நாள், 12 வாரம், மொத்தம் 36 அமர்வு. சென்டருக்கு வந்தும் செய்யலாம், அங்கே பழகிக்கொண்டு வீட்டிலும் செய்யலாம். நான் 6 அமர்வு அங்கே முடித்துவிட்டு, மீதியைக் காரைக்குடி வீட்டில் செய்தேன்.

சென்டரின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே டிரெட்மில்லில் நடக்க விடுவார்கள். பயம் போய்விடும்.

என்னை விரட்டியது தூரம். போக வர சுமார் 180 கிலோமீட்டர். 36 தடவைக்குப் போட்டுப் பாருங்கள், ஆறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு நாலு மணி நேரம் காரில். பஸ்ஸில் போகலாமென்றால், கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் படியேற வேண்டும். அறுத்துக் கட்டிய நெஞ்செலும்பு கூடும்வரை அது ஆகாது. ஆக, ஒவ்வொரு தடவையும் மகன் லீவு போட வேண்டும். மூன்றாவது வாரமே "நாளைக்குப் போகலாமே அப்பச்சி" என்றான். அங்கேதான் எனக்குப் புரிந்தது: பாதியில் நின்றால் எந்த நல்ல சென்டரும் உதவாது.

வீட்டில் அந்தச் சாக்கு கிடையாது. செட்டிநாட்டு வீடுதான் தெரியுமே, முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எங்கள் வீட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 70 தப்படி. சித்திரை வெயிலிலும் நிழலில் நடக்கலாம். 5 நிமிடத்தில் ஆரம்பித்து அரை மணிக்கு வந்தேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். அதனால் வீடு துடைத்த கையோடு நடப்பதில்லை.

எவ்வளவு வேகம் என்பதில்தான் சென்டரில் கற்றது கைகொடுத்தது. பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடியை அடக்கிவிடும், அதனால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப முடியாது. பேசிக்கொண்டே நடக்க வர வேண்டும், பாட வரக் கூடாது, அதுதான் அளவு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேச வேண்டும்.



ஒன்று மட்டும். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் என் பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 55 சதவீதம், சாதாரண அளவுதான். 35 என்று குறைவாக வந்தவர்கள், துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்கள் என்னைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்த அனுபவம் எனக்கில்லை. அவர்கள் கார் வாடகையைப் பார்க்காமல், டாக்டர் போதும் என்கிறவரை ஒயர் ஒட்டியே நடக்கட்டும்.