ஸ்டான்ஃபோர்டு வளாகச் சுற்று: காசு கிடையாது, கால் வலி உண்டு

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், அவுட்லெட் கடைகள், அப்புறம் ஸ்டான்ஃபோர்டு. அந்தக் கடைசி இடத்தில் காரை நிறுத்தி, தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பல்கலைக்கழகமே தன் மாணவர்களை வைத்து நடத்தும் நடைச்சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். இலவசம்தான், ஆனால் இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி கட்டி ஓய்வு பெற்றவன். அதனால் மாப்பிள்ளையின் கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தியோடு சன்னிவேலில் கால்ட்ரெய்ன் ஏறிவிட்டேன். இப்போது மின்சார ரயில். குலுக்கல் இல்லை, சத்தமும் குறைவு. பாலோ ஆல்டோ நிலையத்தில் இறங்கினால் மார்கரீட் என்ற பல்கலைக்கழகப் பேருந்து நிற்கிறது, அதற்கும் டிக்கெட் கிடையாது.

எங்களுக்கு வழிகாட்டியது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டு, படியில் தடுக்காமல், மூச்சு வாங்காமல் பேசினாள். அந்தப் பெண்ணுக்கே ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம். கட்டடங்கள், மரங்கள், விடுதிச் சாப்பாடு எல்லாம் சொன்னாலும் இந்தச் சுற்றின் முக்கியச் சரக்கு முன்னாள் மாணவர்களின் பெயர்களும் அவர்கள் தொடங்கிய நிறுவனங்களும்தான். கூகுள், யாஹூ, ஹெச்.பி., என்விடியா என்று அவள் சொல்லச் சொல்ல, கூட வந்த பெற்றோர்கள் பிள்ளைகளின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் ஊர்க் கல்லூரிப் பேருந்தின் முதுகில் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் படத்தை ஒட்டுவார்களே, அதுதான் இதுவும் என்று முதலில் நினைத்தேன். கொஞ்சம் கவனித்தால் சங்கதி வேறு. இங்கே பெருமையாகச் சொல்லப்படுகிறவர்களில் பாதிப் பேர் வந்த படிப்பை முடிக்காதவர்கள்! லாரி பேஜும் செர்கெய் பிரின்னும் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டுத்தான் 1998-ல் கூகுளைத் தொடங்கினார்கள். யாஹூவின் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ கதையும் அதுவே. நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1919-ல் சேர்ந்து, விட்டு விட்டுப் படித்து, 1925-ல் பட்டம் வாங்காமலே போனார். 1962-ல் நோபல் பரிசு. டைகர் வுட்ஸ் இரண்டு வருடத்தோடு கிளம்பிவிட்டார். கென்னடி 1940-ல் வணிகப் பள்ளியில் சில மாதம் உட்கார்ந்து பாடம் கேட்டதோடு சரி. நம் சுந்தர் பிச்சையும் முனைவர் பட்டத்துக்கென்று வந்து முதுகலையோடு வேலைக்குப் போனவர்தான். அவரை இங்கே அனுப்பிய விமானச் செலவு தன் அப்பாவின் ஒரு வருடச் சம்பளம் என்று அவரே சொல்லியிருக்கிறார். படிப்பை விட்டவர்கள் எல்லோரும் ஜெயித்தார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2004-ல் வெளியேறி தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தைப் பெரிதாக்கிய எலிசபெத் ஹோம்ஸ், 2022-ல் மோசடிக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றார். முன்னாள் மாணவர் என்றால் அவரையும்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"ஒழுங்காகப் படித்து முடித்தவர்கள் யாராவது?" என்று கேட்டேன். பேத்தி "தாத்தா!" என்று என் சட்டையை இழுத்தாள். வழிகாட்டி சிரித்துவிட்டு சாலி ரைடு பெயரைச் சொன்னாள். 1973-ல் இயற்பியல், ஆங்கில இலக்கியம் என இரண்டு இளங்கலைப் பட்டங்கள், 1978-ல் முனைவர். நாசாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியை அவர் பார்த்தது மாணவர்கள் நடத்தும் ஸ்டான்ஃபோர்டு டெய்லி நாளிதழில். 1983-ல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். இளங்கலையில் இலக்கியத்தையும் இயற்பியலையும் சேர்த்துப் படிக்கலாம் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எனக்கு மிகப் பிடித்தது சாண்ட்ரா டே ஓ'கானர் கதை. 1952-ல் இங்கே சட்டம் முடித்துவிட்டு வேலை தேடினால், எந்த வக்கீல் நிறுவனமும் பெண்ணை எடுக்கத் தயாராக இல்லை. ஓர் இடத்தில் செக்ரட்டரி வேலை தருகிறோம் என்றார்கள். கடைசியில் சான் மட்டேயோ மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், சம்பளம் வேண்டாம், தனி அறையும் வேண்டாம், செக்ரட்டரியின் பக்கத்தில் ஒரு மேசை போதும் என்று சொல்லிச் சேர்ந்தார். 1981-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த வில்லியம் ரென்க்விஸ்ட் அவருடைய வகுப்புத் தோழர். கல்லூரி நாளில் கடிதம் எழுதி, கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டவரும் அவரே! முன்னாள் மாணவர் பட்டியலில் இருவருக்கும் ஒரே அளவு எழுத்துதான். ஆனால் ஒருவருக்கு இருந்த வாசல் இன்னொருவருக்கு இருக்கவில்லை. இந்தப் பல்கலைக்கழகமே 1899 முதல் பெண்கள் 500 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருந்து, 1933-ல்தான் தளர்த்தியது.

ஹூவர் கோபுரம் 285 அடி. அந்தப் பெயருக்குரிய ஹெர்பர்ட் ஹூவர் 1891-ல் முதல் மாணவர் அணியில் சேர்ந்து, 1895-ல் நிலவியல் முடித்து, 1929-ல் அமெரிக்க அதிபரானவர். அவருக்கு ஆங்கிலத்தில் அரியர் இருந்தது தெரியுமா? நுழைவுத் தேர்வில் தேறாத அந்தப் பாடத்தைப் பட்டம் வாங்கும் நேரத்தில்தான் முடித்தார். மற்ற மாணவர்களின் துணிகளைச் சலவைக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி நடத்திச் செலவைச் சமாளித்திருக்கிறார்.

சுற்று முடிந்ததும் திரும்பிவிடாதீர்கள். ஹுவாங் பொறியியல் மையத்தில் கூகுளின் ஆரம்பகால சேமிப்புப் பெட்டி கண்ணாடிக்குள் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று குழந்தைகள் அடுக்கும் பிளாஸ்டிக் கட்டைகளாலான கூடு, உள்ளே 4 ஜிபி டிஸ்க்குகள் பத்து. என் கைப்பேசியில் அதைவிட இடம் அதிகம்.

என்னைப் போன்ற ரயில்காரர்கள் கான்டர் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். அங்கே 1869 மே 10 அன்று அமெரிக்காவின் இரண்டு கரைகளையும் இணைத்த ரயில் பாதைக்கு, ரயில் கம்பெனித் தலைவர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு அடித்த தங்க ஆணி இருக்கிறது. மரக்கட்டையில் தண்டவாளத்தைப் பிடிக்க நாம் அடிக்கும் டாக் ஸ்பைக்கின் உருவமேதான், தங்கத்தில். நாலு பக்கமும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்காக மலையைக் குடைந்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களில் ஒருவர் பெயர்கூட அதில் கிடையாது. பதினைந்து வயதில் டைபாய்டில் இறந்த தங்கள் மகனின் நினைவாக, அந்த ரயில் பணத்தில்தான் ஸ்டான்ஃபோர்டு தம்பதி இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆணியின் முன் நான் நின்ற நேரத்துக்கு பேத்தி இரண்டு முறை வெளியே போய் வந்துவிட்டாள்.

சுற்று ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். உட்கார இடம் தேடி நடக்க வேண்டியிருக்கும், நிழலும் எல்லா இடத்திலும் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் வேண்டும். முழங்கால் தகராறு உள்ளவர்கள் தேவாலய முற்றத்திலேயே இருந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஆண்டு முடித்த அணிக்கும் அங்கே தரையில் ஒரு பலகை பதித்து, அதன் அடியில் நினைவுப் பொருள்களைப் புதைத்திருக்கிறார்கள்.

தெம்பு மிச்சம் இருந்தால், பாலோ ஆல்டோ ஊருக்குள் அடிசன் அவென்யூவில் ஹெச்.பி.யின் ஹியூலட்டும் பேக்கர்டும் 1939-ல் 538 டாலர் முதலோடு தொழில் தொடங்கிய கார் ஷெட்டையும் பார்த்துவிடலாம். உள்ளே விட மாட்டார்கள், நடைபாதையிலிருந்து பார்க்கலாம். அது குடியிருப்புத் தெரு, கழிப்பறை கிடையாது. வளாகத்திலேயே போய்விட்டுக் கிளம்புங்கள்.