வெடிக்கும் விண்மீனுக்குக் காத்திருக்க: பைனாகுலரா, தொலைநோக்கியா?

திடீரென்று வெளிச்சம் கூடும் விண்மீன்களைப் பார்க்க என்ன வாங்கலாம் என்று கேட்டால், 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ.) என்றுதான் சொல்வேன். நான் வாங்கியதும் அதுதான். கூட்டாளி ஒருவரிடம் 130 மி.மீ. ஆடித் தொலைநோக்கி இருக்கிறது. மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறோம்.

விலை, பாரம் பற்றிப் பேசத் தேவையில்லை. மங்கலானதை எட்டிப் பிடிப்பதில் தொலைநோக்கிதான் கெட்டி. எஸ்எஸ் சிக்னி என்ற விண்மீன் ஏறக்குறைய ஏழு வாரத்துக்கு ஒருமுறை பொலிவெண் 12இலிருந்து 8க்கு எழும்பும் (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதல்). அது அடங்கிக் கிடப்பதைப் பைனாகுலரில் பார்க்க முடியாது. எழும்பினாலும் நல்ல இருட்டு வேண்டும். ஆனால் அது முன்னிரவில் நன்றாக உயர்வது செப்டெம்பர், ஒக்டோபரில். அப்புறம் மாரி வந்துவிடும், தை வரை முகில்தான்.

டி கொரோனே போரியாலிஸ் கதை வேறு. 1866இலும் 1946இலும் வெடித்த விண்மீன் அது. வழக்கமாகப் பொலிவெண் 10இல் கிடக்கும். வெடித்தால் 2 வரை ஏறும். ஜூனில் இரவு பத்து மணிக்கு நமக்கு உச்சியிலிருந்து சற்று வடக்கே நிற்கும், கச்சான் வீசும் வறண்ட காலத்தில். பக்கத்திலேயே 4.1 பொலிவெண்ணுள்ள எப்சிலன் என்ற விண்மீன் இருப்பதால் இரண்டும் பைனாகுலரின் ஒரே வட்டத்துக்குள் விழும். எப்சிலனை மிஞ்சி ஒன்று அங்கே நின்றால் அது வெடித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து விண்மீன்களோடு பொலிவை ஒப்பிடுவதற்கான வரைபடத்தை, 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறும் விண்மீன் நோக்குநர் சங்கம் இலவசமாகத் தருகிறது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிது பராமரிப்பு. தொலைநோக்கிக் குழாயின் வாய் திறந்தது; உப்புக் காற்று நேரே ஆடிக்குப் போகும். கூட்டாளியின் ஆடியை டோர்ச் அடித்துப் பார்த்தேன்: ஓரமெல்லாம் ஊசிமுனைப் புள்ளிகள். அலுமினியப் பூச்சு மிக மெல்லியது, துணியால் துடைத்தால் கீறல் விழும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீரால் கழுவி, நிமிர்த்தி வைத்துத் தானாகக் காயவிட வேண்டும். பிறகு ஆடிகளை மறுபடி நேர்ப்படுத்த வேண்டும், அதிலேயே பாதி இரவு போய்விடும். பூச்சே போய்விட்டால் வெற்றிடக் கலனில் வைத்துத்தான் புதிதாகப் பூசலாம். கடைத்தெருவில் முடிகிற வேலை இல்லை.

பைனாகுலருக்கு எதிரி பூஞ்சணம். சிலந்தி நூல் மாதிரி வில்லைக்குள் படரும். அதனால் நைதரசன் அடைத்து மூடியதாகப் பார்த்து வாங்கினேன். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். அலுமாரியில் தோலுறையோடு வைப்பதுதான் கூடாது. என்னுடையது இன்னும் புதிதுதான். அந்த அடைப்பு எத்தனை மாரி தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கமராவில் பொலிவு அளந்து எனக்குப் பழக்கமில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

அம்பாறைப் பக்கம் கடலை விட்டு உள்ளே இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை குறைவு. அவர்கள் தொலைநோக்கியே வாங்கலாம். குழாய்க்கு இரண்டு பக்கமும் இறுக்கமான மூடி இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.