பச்சை அட்டை மெட்டாலிகா வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் இரண்டாவது ஆல்பம் ‘ரைட் த லைட்னிங்’. பச்சை நிற அட்டை உறையில் வந்த அதன் ரெக்கார்டு (இசைத்தட்டு) என்று சொல்லி ஒரு போலியை என் தலையில் கட்டிவிட்டார்கள். விலை 38,000 ரூபாய், சுங்க வரி தனி. பழைய ரெக்கார்டு சேர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

பச்சைக்கு ஏன் இத்தனை கிராக்கி என்றால், அசல் அட்டை நீலம். மின்சார நாற்காலி, அதைச் சுற்றி மின்னல். 1984இல் பிரான்சில் பெர்னெட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அச்சடித்தபோது நிறம் பிசகிப் பச்சையாகிவிட்டது. மொத்தம் 400 பிரதிகள் என்று சொல்வார்கள். அச்சுப் பிழைக்கு வந்த வாழ்வு!

விற்றவர் ஐரோப்பாக்காரர். இணையச் சந்தையில் நல்ல பெயர்தான். ஆனால் போட்டிருந்த படமெல்லாம் அட்டையை மட்டும் காட்டின. ரெக்கார்டின் நடு லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் வெளிச்சம் போதவில்லை என்று தட்டிக்கழித்தார். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவசரப்படுத்தினார். தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் விலை குறைப்பதாகவும் சொன்னார். அதற்கு மட்டும் நான் மசியவில்லை.

பார்சல் வந்தது. அட்டையின் வலது மேல் மூலையில் ஒரு மடிப்பு. பழைய அட்டை, இருக்கட்டும் என்று விரலால் தடவினால் மழமழவென்று இருக்கிறது! கண்ணுக்குத் தெரிகிற மடிப்பு கைக்குத் தட்டுப்படவில்லை. யாரோ ஒரு பழைய அட்டையை ஸ்கேன் செய்து, அதன் மடிப்பு, தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். நகைக்கடை லென்ஸை வைத்துப் பார்த்தேன். பின்னட்டையின் பொடி எழுத்துகள் விளிம்பே இல்லாமல் நிறப்புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தன. அட்டையின் வாயை விரித்தால் உள்பக்கம் வெள்ளை வெளேர். நாற்பது வருஷத்து அட்டை இந்நேரம் பழுத்திருக்க வேண்டாமா?

உள்ளே இருந்த ரெக்கார்டு நிஜமானதுதான், ஆனால் நடு லேபிளில் எலெக்ட்ரா என்ற வேறொரு நிறுவனத்தின் பெயர். அங்கேதான் குட்டு உடைந்தது. 1984 ஜூலையில் அமெரிக்காவில் இந்த ஆல்பத்தை வெளியிட்டது மெகாஃபோர்ஸ் என்ற நிறுவனம். எலெக்ட்ரா அதன் பிறகுதான் குழுவை ஒப்பந்தம் செய்து, நவம்பரில் மறுவெளியீடு செய்தது. பெர்னெட் அட்டைக்குள் எலெக்ட்ரா தட்டுக்கு என்ன வேலை? கேட்டேன். “தொழிற்சாலையில் மாறியிருக்கும். அப்படியானால் இது இன்னும் அரிதானது, உங்களுக்குத்தான் லாபம்” என்று பதில் வந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

இந்த ஆல்பத்துக்கும் களவுக்கும் ஏதோ ராசி போலிருக்கிறது. கோபன்ஹேகனில் ஒலிப்பதிவு தொடங்குவதற்குச் சற்று முன்பு பாஸ்டனில் குழுவின் கருவிகள் திருடுபோயின. குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்கு ரொம்பப் பிடித்த மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபையரும் அதோடு போனது. இந்த ஆல்பத்தில் வரும் ‘ஃபேட் டு பிளாக்’ பாட்டுக்குள் அந்த மனக்கசப்பும் கலந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பக்க லேபிளையும் படமாகக் கேளுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையில் வழவழப்பான வளையம் இருக்குமே, அதில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். அட்டையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் அவசியம். நிஜ மடிப்பு நிழல் காட்டும், அச்சடித்த மடிப்பு காட்டாது. அட்டையின் உள்பக்கத்தையும் விடாதீர்கள். அசல் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை.

தளத்தின் வழியாகவே பணம் கட்டியிருந்ததால், புகார் கொடுத்து, பொருளைத் திருப்பி அனுப்பிய பிறகு ரெக்கார்டின் விலை மட்டும் கைக்கு வந்தது. சுங்க வரியும் கூரியர் செலவும் போனது போனதுதான். விற்றவருடைய கணக்கைத் தளம் இன்னும் முடக்கவில்லை. போன வாரம் அதே கணக்கில் மறுபடியும் ஒரு பச்சை அட்டை விற்பனைக்கு வந்திருக்கிறது. வலது மேல் மூலையில் அதே மடிப்பு, விலை மட்டும் ஏறியிருக்கிறது.