சைக்கிளா, மேடா, சமதரையா, பெட்டியா: குறுகிய கடும் பயிற்சியில் தசையைப் பதம் பார்ப்பது எது?

விங்கேட் முறையில், அதாவது சக்கரத்துக்குப் பாரம் கொடுத்து நிலையாக நிற்கும் பயிற்சிச் சைக்கிளில், 30 விநாடி முழு வேகத்தில் மிதித்தவர் இறங்கியதும் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். சிலர் வாந்தியே எடுப்பார்கள். மறுநாள் பெரும்பாலும் சாதாரணமாக நடமாடுவார். பெட்டியிலிருந்து குதித்துப் பயிற்சி எடுத்தவருக்கோ அன்று பெரிதாக மூச்சுகூட வாங்காது. இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேடுவார். மூச்சுத் திணறலும் தசைச் சேதமும் வேறு வேறு கணக்கு.

தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்தால் சேதம் குறைவு. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது, அதாவது பிரேக் போடும்போது, இழைக்குள் உள்ள சார்கோமியர்கள் (தசையைச் சுருங்க வைக்கும் நுண்ணிய அலகுகள்) சில அளவுமீறி இழுபட்டுக் குலைகின்றன. இழையின் சவ்வு பழுதாகி, உள்ளே இருக்கவேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசிகிறது. லாக்டிக் ஆசிட்மேல் பழி போடுவது வீண். அது சுமார் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரத்தில். ஆனாலும் மைதானத்தில் "ஆசிட் தேங்கிடுச்சு, நல்லா தேய்ச்சு விடு" என்ற குரல் ஓயவில்லை.

நான்கில் சைக்கிள்தான் தசைக்கு மிருது. பெடலைத் தள்ளும்போது தொடை சுருங்க மட்டுமே செய்கிறது. தரையில் மோதி நிற்கும் வேலை இல்லை. வழக்கமான அளவு: உடல் எடையில் 7.5 சதவீதம் பாரம், 70 கிலோ வீரருக்கு 5.25 கிலோ. 30 விநாடி மிதி, 4 நிமிடம் இளைப்பாறல், 4 முதல் 6 சுற்று. முடிந்ததும் சட்டென்று இறங்கக் கூடாது. காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். இரண்டு மூன்று நிமிடம் லேசாக மிதிக்க வேண்டும்.

மேட்டில் ஓடுவது அடுத்த நிலை. 100 மீட்டருக்கு 5 முதல் 8 மீட்டர் உயரும் சரிவு, 8 முதல் 10 விநாடி ஓட்டம் போதும். பாதம் விழும் உயரம் குறைவதால் தொடைமேல் மோதல் குறைகிறது. கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் சுமை கூடுகிறது. பலர் கோட்டைவிடுவது திரும்பும்போது. கீழே குதித்துக் குதித்து ஓடி வந்தால் முன்தொடை ஒவ்வோர் அடிக்கும் பிரேக் போடும். மேட்டில் ஓடியதன் லாபம் அங்கேயே போய்விடும். நடந்துதான் இறங்க வேண்டும்.

சமதரை ஸ்பிரிண்டில் இரண்டு இடங்களில் அடி விழுகிறது. ஒன்று, கால் முன்னே வீசப்பட்டு தரையைத் தொடுவதற்குச் சற்றுமுன். அப்போது ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) நீண்ட நிலையில் காலை இழுத்து நிறுத்துகிறது; ஓட்டத்தில் அது பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். இன்னொன்று, ஓடி முடித்து நிற்பது. சேதத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுகளில் 30 மீட்டரை 15 முறை முழுவேகமாக ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் 10 மீட்டருக்குள் நிற்கச் சொல்வார்கள். கோட்டைத் தாண்டியதும் சுவரோ வேலியோ இருக்கும் மைதானத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் தெரியாமலே இதைத்தான் செய்கிறார்கள். நிற்க 30 மீட்டராவது விட்டால் அதே ஓட்டம் குறைந்த தொல்லையோடு முடியும்.

பெட்டிக் குதிப்பில் சேதம் மிக அதிகம். 60 செ.மீ. உயரத்திலிருந்து 20 வீதம் 5 செட், மொத்தம் 100 குதிப்பு என்பதும் ஆய்வகத்தில் தசையைப் புண்ணாக்கும் முறைதான். அதை எடுத்து அப்படியே பயிற்சி அட்டவணையில் போடக் கூடாது. புதியவருக்கு 30 செ.மீ. பெட்டி, 20 முதல் 30 குதிப்பு தாராளம்.

சேதத்தை அளக்க ரத்தப் பரிசோதனைக்கு ஓடத் தேவையில்லை. கிரியேட்டின் கைனேஸ் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். பயிற்சி முடிந்த கையோடு எடுத்தால் பெரிதாக ஒன்றும் காட்டாது. மறுநாள் காலை வார்ம்அப் செய்து, நின்ற இடத்தில் மூன்று முறை எம்பிக் குதிக்கச் சொல்லிச் சிறந்த உயரத்தைக் குறியுங்கள். வழக்கமான உயரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அன்று ஸ்பிரிண்ட் வேண்டாம்.

அப்படியானால் சைக்கிளே போதுமா? ஓட்டக்காரருக்கும் கபடி வீரருக்கும் போதாது. ஒருமுறை லேசாகச் சேதமான தசை அடுத்த முறை அதே வேலைக்குப் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அந்தப் பாதுகாப்பு பிரேக் போடும் வேலையிலிருந்துதான் வரும். ஆகவே சீசனுக்கு முன் சிறு அளவில் சமதரை ஸ்பிரிண்டும் குதிப்பும்; சீசனில் வாரம் ஒரு நாளாவது முழுவேக ஓட்டம்; போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் மூச்சைச் சோதிக்க வேண்டுமென்றால் சைக்கிள்.

சைக்கிளுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. பழக்கமே இல்லாதவர் முதல் சைக்கிள் பயிற்சி வகுப்பிலேயே ஒரு மணி நேரம் அடித்து மிதித்து, ராப்டோமயோலிசிஸ் (தசை பெருமளவில் சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலப்பது) வந்து ஆஸ்பத்திரியில் சேர்வது மருத்துவர்கள் அறிந்த சங்கதி. தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் ஐபுப்ரோஃபென் வலிமாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும். உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.