பொம்மை வீட்டுச் சுவருக்கு எது: அட்டையா, ஃபோம் போர்டா, பிளைவுட்டா, எம்டிஎஃப்பா?

9 மி.மீ. பலகை 1:12 அளவில் (நிஜ வீட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு) நாலேகால் அங்குலச் சுவருக்குச் சமம். அதே பலகை 1:24 அளவில் எட்டரை அங்குலச் சுவர். குட்டி வீடு கட்டுவதற்கு எந்தப் பலகை நல்லது என்று கேட்கும்போது பதில் ஆளுக்கு ஆள் மாறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒருவர் 1:12-ல் கட்டியதை வைத்துச் சொல்வார், கேட்பவர் மனதில் 1:48 இருக்கும்.

அதனால் அளவிலிருந்தே தொடங்குவோம். 1:12 என்றால் ஓரடிக்கு ஓரங்குலம். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை 30.5 × 25.4 செ.மீ. ஆகும். எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-ல் முடிந்த ராணி மேரியின் பொம்மை வீடும், சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் தார்ன் அறைகளும் இந்த அளவில்தான் இருக்கின்றன. தயாராகக் கிடைக்கும் கதவு, விளக்கு, பாத்திரம் எல்லாம் இதில்தான் அதிகம். 1:24-க்கு இறங்கினால் அதே அறை 15.2 × 12.7 செ.மீ.; தரைப்பரப்பு கால்வாசி, கன அளவு எட்டில் ஒரு பங்கு. அலமாரித் தட்டில் ஒரு முழு வீடே அடங்கும். 1:48-ல் அது உள்ளங்கை அகல அறை. நாற்காலிக் காலை இடுக்கியால்தான் பிடிக்க முடியும்.

இப்போது தடிமனைப் பொருத்திப் பாருங்கள். 5 மி.மீ. ஃபோம் போர்டு 1:24-ல் 12 செ.மீ. சுவர், கண்ணுக்கு உண்மையாகத் தெரியும். அதையே 1:12-ல் வைத்தால் 6 செ.மீ. சுவர்தான். ஜன்னல் வழியாகப் பார்த்ததும் சுவர் காகிதம் மாதிரி இருப்பது தெரிந்துவிடும். பொம்மை வீடு பொம்மையாகத் தோன்றுவதற்கு மரச்சாமான்களைவிடச் சுவரின் தடிமனே பெரும்பாலும் காரணம், ஆனால் யாரும் அங்கே பார்ப்பதில்லை.

ஃபோம் போர்டு

இரண்டு பக்கமும் காகிதம், நடுவில் பாலிஸ்டைரீன் நுரை. கட்டர் கத்தியும் ஸ்டீல் ஸ்கேலும் போதும், ரம்பம் வேண்டாம். இதன் முக்கியமான பலம் இதுதான். ஆனால் ஒரே அழுத்தில் வெட்டினால் நுரை பிய்ந்து பல்பல்லாக நிற்கும். மூன்று இழுப்பு வேண்டும்: முதல் இழுப்பில் மேல் காகிதம் மட்டும், இரண்டாவதில் நுரை, மூன்றாவதில் அடிக் காகிதம். கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் பலகையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நுரை இழுபடாது. வெட்டு சொரசொரவென்று வர ஆரம்பித்தால் கையைக் குறை சொல்லாதீர்கள். பிளேடு முனையை ஒடித்துப் புதியதாக்குங்கள்.

மூலைகளை நேருக்கு நேர் ஒட்டினால் நுரையின் வெள்ளை ஓரம் வெளியே தெரியும். அதற்குக் காடி வெட்ட வேண்டும். ஒரு பலகையின் விளிம்பிலிருந்து இன்னொரு பலகையின் தடிமன் அளவு உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள். மேல் காகிதத்தையும் நுரையையும் மட்டும் வெட்டி, அந்தப் பட்டையைச் சுரண்டி எடுங்கள். அடிக் காகிதம் அப்படியே இருக்கட்டும். அடுத்த சுவரின் ஓரம் அந்தக் காடிக்குள் உட்காரும், வெளி மூலை ஒரே காகிதமாக மூடிக்கொள்ளும். பெட்டியில் 5 மி.மீ. என்று போட்டிருந்தாலும் உண்மையில் சற்றுக் குறையலாம். அதனால் ஸ்கேலை நம்பாமல், வெட்டி மீந்த துண்டையே நிறுத்தி வைத்து அளவு எடுங்கள்.

இனி குறைகள். கரைப்பான் கலந்த பசை, சூப்பர் குளூ, ஸ்ப்ரே பெயின்ட் மூன்றுமே நுரையைத் தின்றுவிடும். காகிதத்தின் மேல் ஸ்ப்ரே அடிக்கும்போது ஒன்றும் ஆகாது, வெட்டிய ஓரத்தில் பட்டால் அரை நிமிடத்தில் குழி விழும். ஓரத்துக்கு முதலில் இரண்டு கோட் வெள்ளைப் பசையோ அக்ரிலிக் பெயின்ட்டோ பூசி மூடிவிட்டால் பிரச்சினை இல்லை. சூடான குளூ கன்னும் நுரையை உருக்கும். பி.வி.ஏ. வெள்ளைப் பசைதான் பாதுகாப்பு, ஆனால் நுரை ஈரத்தை உறிஞ்சாததால் மெதுவாகத்தான் காயும். குண்டூசி குத்தி ஓர் இரவு விட்டுவிட வேண்டும்.

அடுத்தது வளைவு. ஒரு பக்கம் மட்டும் வால்பேப்பர் ஒட்டினால், காகிதம் காய்ந்து சுருங்கும்போது சுவரை அந்தப் பக்கமாக இழுத்துக் குழிவாக்கும். பின்பக்கமும் அதே நேரத்தில், அதே பசையால் ஒரு வெற்றுத் தாளை ஒட்டினால் இரு இழுப்பும் சமமாகிவிடும். பெயின்ட்டுக்கும் இதே விதிதான்.

1:12-ல் ஃபோம் போர்டுதான் வேண்டும் என்றால் இரட்டைச் சுவர் கட்டலாம். இரண்டு 5 மி.மீ. பலகைக்கு நடுவில் 9 மி.மீ. அகலத் துண்டுகளை நிறுத்தி ஒட்டினால் மொத்தம் 19 மி.மீ. வரும், 1:12-ல் அது ஒன்பதங்குலச் செங்கல் சுவர். ஜன்னலுக்கு ஆழம் கிடைக்கும், நடுவிலுள்ள இடைவெளியில் ஒயர் ஓடும். ஜன்னல் திறப்பின் நான்கு பக்கமும் உள்துண்டு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நிலையை அழுத்திப் பொருத்தும்போது சுவர் உள்வாங்கும்.

பைண்டிங் அட்டை

விலை குறைவு என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பாதியில் விடுவதே அதிகம். 2 மி.மீ. அட்டையை வெட்ட ஆறேழு இழுப்பு வேண்டும், கை வலிக்கும். ஆனால் 1:48-க்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. 2 மி.மீ. அங்கே கிட்டத்தட்ட 10 செ.மீ. சுவர். ஓரம் கூர்மையாக நிற்கும், ஃபோம் போர்டு மாதிரி அழுந்தாது.

பெரிய அளவுகளுக்கு அடுக்கிச் செய்ய வேண்டும். மூன்று அட்டை ஒட்டினால் 6 மி.மீ. நடு அட்டையின் இழையை மற்ற இரண்டுக்கும் குறுக்காகத் திருப்பி ஒட்டுங்கள், கோணுவது வெகுவாகக் குறையும். எந்தத் திசையில் இழை ஓடுகிறது என்று தெரிய அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளைவது இழைக்கு இணையான மடிப்பு. பசையை மெல்லிய படலமாகத் தேய்த்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். நடு அடுக்கில் 3 மி.மீ. அகலப் பள்ளம் விட்டு ஒட்டினால் ஒயருக்குத் தயாரான குழாய் கிடைத்துவிடும். அதேபோல வெளி அட்டையில் ஜன்னல் திறப்பைச் சிறிதாகவும் உள் அட்டைகளில் சற்றுப் பெரிதாகவும் வெட்டினால் கண்ணாடித் தகடு உட்காரப் படி தானாக அமையும். மரப்பலகையில் இந்த வேலைக்கு ரூட்டர் என்னும் பள்ளம் குடையும் கருவி வேண்டும்.

தண்ணீர் பட்டால் ஓரம் பஞ்சு மாதிரி ஊதும் என்பதால் பெயின்ட்டுக்கு முன் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கோட் கொடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துவிடுவது நல்லது.

எடையில் ஒரு குறுக்குக் கணக்கு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 50 செ.மீ. உயரம், இரண்டு மாடி, முன்பக்கம் திறப்பு. கூரையும் தடுப்பும் சேர்த்து ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர் பலகை. 9 மி.மீ. எம்டிஎஃப்பில் (மர நாரைப் பிசினால் அழுத்திச் செய்த பலகை) அது பத்து கிலோ. 9 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் ஒன்பது, 6 மி.மீ. எம்டிஎஃப்பில் ஆறரை. ஃபோம் போர்டில் ஒரு கிலோ சுற்றி. அட்டையை லேசானது என்று நினைப்போம், ஆனால் மூன்றடுக்கு அட்டையில் ஐந்தரை கிலோ வந்துவிடும், ஏனெனில் 2 மி.மீ. அட்டையே சதுர மீட்டருக்கு 1,250 கிராம். ஓடு, தரைப் பலகை, சாமான் எல்லாம் இதற்கு மேல். சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் கனமான பலகைகளை மறந்துவிடுங்கள்.

பிளைவுட்டும் எம்டிஎஃப்பும்

இரண்டுக்கும் ரம்பம் வேண்டும், மூலைமட்டம் வேண்டும், வெட்டுவதற்கு இடம் வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கம், ஆனால் இவை கெடும் விதம் வேறு வேறு.

எம்டிஎஃப் தட்டையானது, இழையே கிடையாது, பெயின்ட் வழுவழுப்பாக ஏறும். அதன் எதிரி ஈரம். முகப்பு தாக்குப்பிடிக்கும், வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடித்து ஊதினால் பழைய அளவுக்குத் திரும்பாது. ஓரத்துக்கு முதலில் சீலர் பூசி, 240 உப்புத்தாள் தேய்த்து, மறுபடி ஒரு கோட் கொடுத்த பிறகே பெயின்ட். ஓரத்தில் ஸ்குரூ ஏற்றினால் 9 மி.மீ. பலகை இரண்டாகப் பிளக்கும். 1 மி.மீ. துளை போட்டு மெல்லிய ஆணியும் மரப்பசையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். அறுக்கும்போது பறக்கும் தூசி மிக நுண்ணியது, அதில் ஃபார்மால்டிஹைட் பிசினும் உண்டு. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. நுண்தூசி வடிகட்டும் முகக்கவசம் அணிந்து, வெளியில் வைத்து அறுக்க வேண்டும்.

பிளைவுட் அடி தாங்கும். குழந்தைகள் விளையாடப் போகிற வீடு என்றால் விவாதமே வேண்டாம், 9 மி.மீ. பிளைவுட்தான். குறுக்காக அறுக்கும்போது மேல் இழை சிலும்பும். வெட்டுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தியால் ஒரு கீறல் போட்டபின் அறுத்தால் பெருமளவு நின்றுவிடும். 3 மி.மீ. தாள்கள் சாய்த்து வைத்தாலே வளைந்துவிடும், எப்போதும் படுக்கப் போட்டு வையுங்கள். பெயின்ட் அடித்தபின் இழை தெரிவது இதன் தீராத தொல்லை. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, 320-ல் தேய்த்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் லேசாகத் தெரியும். மர வீடாகவே காட்டப் போகிறீர்கள் என்றால் அது அழகு. சுண்ணாம்புச் சுவராகக் காட்ட வேண்டுமென்றால் எம்டிஎஃப்புக்குப் போங்கள்.

இரண்டு மரப்பலகையிலும் வால்பேப்பரை நேரடியாக ஒட்டக் கூடாது. மரத்தின் அமிலம் வருடங்களில் காகிதத்தைப் பழுப்பாக்கும். முதலில் பிரைமர்.

வாங்கும் கிட் எப்படி?

லேசரில் வெட்டிய 3 மி.மீ. பலகைகள், நாக்கும் துளையுமாகப் பொருந்தும். வெட்டும் கஷ்டம் போய்விடும், வேறு கஷ்டம் வரும். லேசர் கருக்கிய ஓரத்தில் பசை சரியாகப் பிடிக்காது, மேலே அடித்த வெள்ளை பெயின்ட்டில் பழுப்பும் கசியும். ஒட்டும் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தே ஆக வேண்டும். பசையில்லாமல் ஒரு முறை முழுக்கப் பொருத்திப் பார்த்து, பிரித்து, துளைகளை டேப்பால் மூடிவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். நாக்கில் இரண்டு கோட் பெயின்ட் ஏறினால் துளைக்குள் போகாது, தட்டி நுழைத்தால் உடையும். குளூ கன்னால் விரைவாக ஒட்டிவிட்டால் சில வருடங்களில் அது காய்ந்து மூட்டு விடும். மரப்பசையும் கிளாம்ப்பும் பொறுமையும்தான் இதற்கு வழி.

இதில் கற்றுக்கொள்வது பொருத்தும் வேலை மட்டுமே. அளவெடுக்கப் பழக வேண்டுமென்றால் முதல் வீட்டையே 1:24-ல் ஃபோம் போர்டில் கட்டுவது மேல்; தவறாக வெட்டிய சுவரை ஐந்து நிமிடத்தில் மறுபடி வெட்டலாம்.

கலந்து கட்டுவது

ஒரே பொருளில் முழு வீடும் கட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காட்சிக்கு வைக்கும் 1:12 வீட்டுக்கு நல்ல சேர்க்கை: அடித்தளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட், மாடித்தரைக்கு 6 மி.மீ. பிளைவுட், சுவருக்கு இரட்டை ஃபோம் போர்டு. வெளிச்சுவர் செங்கல்லுக்குக் காகிதமில்லாத எக்ஸ்பிஎஸ் (அடர்ந்த பாலிஸ்டைரீன்) நுரைத் தகடு. பால்பாயின்ட் பேனாவால் 19 × 6 மி.மீ. கட்டங்களாக அழுத்திக் கோடு போட்டால் 1:12 செங்கல். 1:24-க்கு அதில் பாதி. கதவு, நிலை, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடிப்பட்டை) மட்டும் பாஸ்வுட் மரத்தில். பால்சா மரம் வேண்டாம்: நகம் பட்டாலே குழி விழும், ஸ்டெயினும் (மரத்துக்கு நிறமூட்டும் பூச்சு) திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஸ்டெயின் அடிப்பதை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பசை பட்ட இடம் நிறம் பிடிக்காது. ஜன்னல் தகட்டுக்கு அருகே சூப்பர் குளூ போனால் வெள்ளைப் புகை படிந்து கண்ணாடி மங்கும், அங்கே பி.வி.ஏ. போதும்.

விளக்கைப் பொறுத்தவரை சுவர்ப் பொருள்தான் வழியைத் தீர்மானிக்கிறது. ஃபோம் போர்டில் கத்தியாலேயே பள்ளம் கீறி ஒயரைப் புதைக்கலாம். மரப்பலகையில் ரூட்டர் இல்லையென்றால் வால்பேப்பருக்கு அடியில் செம்பு டேப் ஓட்ட வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் 0.02 ஆம்பியர் இழுக்கும் ஒரு 3 வோல்ட் எல்இடி போடுவதானால் (12 − 3) ÷ 0.02 = 450 ஓம், கடையில் கிடைக்கும் 470 ஓம் ரெசிஸ்டர் பொருந்தும். ரெசிஸ்டரைச் சுவருக்குள் புதைக்காமல் அடித்தளத்துக்குக் கீழே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். கூரையின் ஒரு பக்கத்தையாவது பசை போடாமல் காந்தத்தில் நிறுத்துங்கள். மேல்மாடி விளக்கு அணைந்தால் கை நுழைய வேறு வழி இருக்காது.