ஸ்வீப் இல்லாத குரூப் ரைடுக்குப் பணம் கட்டாதீர்கள்

சனிக்கிழமை காலை கிளம்பி, இரவு கூடிப் பேசித் தங்கி, ஞாயிறு திரும்பும் பைக் ரைடுகளைக் கட்டணம் வாங்கி நடத்துகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அப்படி ஒன்றுக்கு ஆறு பேர் பணம் கட்டிப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். நடத்தியவர் பெயரைப் போடவில்லை. விளம்பரத்தில் என்ன சொன்னார்கள், ரோட்டில் என்ன நடந்தது, எதனால் நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

சொன்னது: முன்னால் வழி காட்டிப் போக ஒரு லீட், யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியில் வர ஒரு ஸ்வீப், கூட்டத்தை ஒழுங்குபடுத்த நடுவில் இரண்டு மார்ஷல்கள், மெக்கானிக்கோடு ஒரு பேக்கப் வேன். வந்தது: ஒரு லீட், பெட்டிகளை ஏற்றிக்கொண்ட ஒரு வேன், ட்ரோன் விடத் தெரிந்த ஒருவர். ஸ்வீப் என்று கைகாட்டி அறிமுகப்படுத்தப்பட்டவர் முதல் அரை மணி நேரத்திலேயே எல்லோரையும் தாண்டி முன்னால் போய்விட்டார். வளைவுகளில் நின்று வீடியோ எடுப்பதுதான் அவருடைய உண்மையான வேலை என்று அப்புறம்தான் புரிந்தது. அன்றைக்குக் கெட்டுப்போன எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் ஆரம்பித்தது: கடைசியில் ஆள் இல்லை.

மொத்தம் 34 வண்டிகள், ஒரே கூட்டமாக. வண்டிகளை மாற்றி மாற்றி இடம் வலமாக நிறுத்தி ஓட்டும்போது, நேர் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 2 விநாடி, பக்கவாட்டில் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 1 விநாடி இடைவெளி வேண்டும். அந்தக் கணக்கில் 34 வண்டிகள் 33 விநாடி நீளம். 80 கி.மீ. வேகத்தில் அது முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. வளைவில் எல்லோரும் ஒற்றை வரிசைக்கு மாறினால் இன்னும் நீளும். லீட் ஒரு லாரியைத் தாண்டிப் போய்விடுவார். பதினைந்தாவது ஆளுக்கு எதிரே வண்டி வந்துவிடும். ஒரு சிக்னலில் பாதிக் கூட்டம் மாட்டினால் ஒரு நிமிடம் போச்சு. அந்த ஒரு நிமிடத்தில் முன்கூட்டம் 1.3 கி.மீ. போயிருக்கும். 80-இல் போகிறவர்களை 100-இல் துரத்தினால், பிடிக்க நாலு நிமிடமும் ஆறரை கிலோமீட்டருக்கு மேலும் ஆகும். லீட் "நான் எண்பதைத் தாண்டவே இல்லை" என்று சத்தியம் செய்யலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கடைசியில் இருக்கிறவர் நாள் முழுக்க நூறிலேயே ஓடிக்கொண்டிருப்பார். அந்த இடத்தில்தான் புதிதாக ஓட்டுகிறவர்களை விட்டிருந்தார்கள். புதியவர் இருக்க வேண்டிய இடம் லீடுக்கு அடுத்தது, அவர் கண்ணாடியில் தெரிகிற மாதிரி. 5 முதல் 7 வண்டிக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் தனி லீட், தனி ஸ்வீப் என்று பிரித்திருந்தால் பாதிப் பிரச்சினை பிறந்தே இருக்காது.

இதில் ஒரு கூத்து. திருப்பங்களில் ஆளை நிறுத்திப் போகும் முறை ஒன்று உண்டு. பிரிவு வந்ததும் லீட் கை காட்டுவார். அவருக்கு அடுத்த வண்டி அங்கேயே நின்று பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டும். ஸ்வீப் வந்து சேர்ந்ததும் அவருக்கு முன்னால் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். நல்ல முறைதான். ஆனால் நின்றவர் கிளம்பலாம் என்பதற்கு ஒரே அடையாளம் ஸ்வீப் வந்து சேர்வதுதான். எங்களில் ஒருவர் அப்படி ஒரு முச்சந்தியில் நாற்பது நிமிடம் நின்றார். அவர் காத்திருந்த ஸ்வீப், அவரைப் போகிற போக்கில் வீடியோ எடுத்துவிட்டு எப்போதோ போயிருந்தார்.

பஞ்சர் கதை இதைவிட மோசம். ஸ்போக் வீல் வண்டி, டியூப் போட்ட பின் டயர், ஆணி. பேக்கப் வேன் கூட்டத்துக்குப் பின்னால் வர வேண்டும். அதுவோ பெட்டிகளை இறக்கி வைக்க முன்கூட்டியே தங்குமிடம் போய்விட்டது. திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம். வந்தவர் கையில் இருந்தது 12 வோல்ட் காற்றடிப்பான், ஒட்டும் கயிறு, துளையைத் துருவும் அரம், ஊசி. அதாவது டியூப்லெஸ் கிட். டியூப் வண்டிக்கு அது எதற்கும் ஆகாது. டியூப்லெஸ்ஸில் காற்றைப் பிடித்து வைப்பது டயரும் ரிம்மும்தான். டயரில் உள்ள துளையை அடைத்தால் போதும். டியூப் வண்டியில் ஓட்டை உள்ளே டியூபில் இருக்கிறது. மேலே டயரில் கயிறைச் சொருகினால் காற்று நிற்காது. அரமும் ஊசியும் டியூபை இன்னும் கிழிக்கும்.

ஆகவே பணம் கட்டும் முன் "மெக்கானிக் உண்டா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். வேனில் எந்த அளவு டியூப்கள் இருக்கும், டயர் லிவர் குறைந்தது மூன்று உண்டா, சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியை எதன் மேல் தூக்கி நிறுத்துவீர்கள், ஆக்ஸில் நட்டுக்கு எந்தெந்த அளவு சாக்கெட் வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பின் ஆக்ஸில் நட்டு வண்டிக்கு வண்டி 24, 27, 32 மி.மீ. என்று மாறும். முன் ஆக்ஸிலைக் கழற்றப் பல வண்டிகளில் தடித்த ஆலன் சாவி வேண்டும். 17, 19, 22 என்று அதிலும் அளவுகள். இதைக் கேட்டதும் "அதெல்லாம் இருக்கு சார்" என்று இழுத்தால், இல்லை என்று அர்த்தம். டியூப் வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் அளவு டியூபைத் தாங்களே எடுத்துப் போவது உத்தமம். 21 அங்குல முன் டியூப் ஒன்று இருந்தால், 18 அங்குலப் பின் டயரிலும் அதை வைத்து மெதுவாக அடுத்த ஊர் வரை ஒப்பேற்றலாம். அதற்கு மேல் நம்பக்கூடாது.

பெட்ரோல் நிறுத்தங்களை லீட் தன் டேங்கை வைத்துக் கணக்கிட்டிருந்தார். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் அட்வென்ச்சரில் 30 லிட்டர் பிடிக்கும். ஹார்லியின் ஃபார்ட்டி-எய்ட்டில் 8 லிட்டர்கூட முழுசாகப் பிடிக்காது. கூட்டத்தில் சிறிய டேங்க் எதுவோ, அதுதான் நிறுத்தத்தைத் தீர்மானிக்க வேண்டும். அதுவும் வழக்கமான மைலேஜைவிடக் குறைத்துப் போட்டு. துரத்தி ஓட்டும் கடைசி ஆளுக்கு வழக்கமான மைலேஜ் கிடைக்காது.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு வாடகை பைக்கும் அவர்களே கொடுத்தார்கள். ஒன்றின் பின் டயரில் 1417 என்று இருந்தது. டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள அந்த நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதாவது 2017-இன் 14-ஆவது வாரம். அதே வண்டியின் பிரேக் ஆயில் டீ டிகாஷன் நிறம். டாட் 4 ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டிய ஆயில், ஈரம் ஏறியபின் 155 டிகிரி தாங்கினாலே தர அளவுக்குப் போதும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழ் கட்டும். லிவர் கிரிப் வரை வந்து ஒட்டும். அந்த வண்டியில் நடந்தது இதுதான். அதிர்ஷ்டம், கியரைக் குறைத்து என்ஜின் பிடிப்பிலேயே ஓரம் கட்ட முடிந்தது. கொஞ்ச நேரம் ஆறியதும் லிவர் மறுபடி இறுகியது. "பார்த்தீங்களா, ஒண்ணுமில்லை" என்றார்கள். ஆறியதும் சரியாவதுதான் ஆயில் கொதித்ததற்கு அடையாளமே. லிவர் கல் மாதிரி இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது பேடு சூடேறிய கோளாறு, வேறு விஷயம்.

வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது பிரேக் லிவரை அழுத்தி முப்பது எண்ணும்வரை பிடித்துப் பாருங்கள். மெல்ல இறங்கினால் வேண்டாம். இரண்டு மூன்று தடவை அடித்த பிறகுதான் இறுகுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது, அதுவும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள கீறல்களோடு ஓடோமீட்டரும் தெரிகிற மாதிரி ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, அங்கேயே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

மாலை கூடலுக்கு வருவோம். பேச்சும் பாட்டும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. பிரச்சினை பார்க்கிங். ட்ரோன் படத்துக்காக 34 வண்டிகளையும் ஈரப் புல்தரையில், ஹேண்டில் ஹேண்டிலை இடிக்கிற நெருக்கத்தில் ஒரே வரிசையாக நிறுத்தச் சொன்னார்கள். சைடு ஸ்டாண்டின் அடிப்பாகம் சில விரல் அகலம்தான். சாய்ந்து நிற்கும் வண்டியின் எடையில் ஒரு பங்கை அது தாங்க வேண்டும். ஈர மண்ணில் அது ஒரே நொடியில் இறங்காது. மணிக்கணக்காக, கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். இரவு பத்து மணி வாக்கில் ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவை ஐந்து சரிந்தன. இரண்டு கிளட்ச் லிவர் முறிந்தது, ஒரு கியர் லிவர் மடங்கியது. ஒரு பலகைத் துண்டோ நசுக்கிய டின்னோ ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து, வண்டிக்கு வண்டி ஒரு ஆள் நடந்து போகிற இடம் விட்டிருந்தால் ஒன்றோடு போயிருக்கும்.

தூக்கி நிறுத்திய இரண்டு வண்டிகள் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் என்று வந்தவர் பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தார். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் வண்டி சாய்ந்தால் என்ஜினை நிறுத்தும் சென்சார் இருக்கிறது. நிமிர்த்திய பிறகு சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால்தான் விடுவிக்கும். எங்களில் ஒருவர் அதைச் செய்தார், இரண்டும் கிளம்பின. வந்தவர் மெக்கானிக் இல்லை, வேன் டிரைவர் என்பது அப்போது வெளியே வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். விழுந்ததற்குக் கேட்கவில்லை, தருவதாகச் சொன்ன ஸ்வீப்பும் மார்ஷலும் மெக்கானிக்கும் வராததற்குக் கேட்கிறோம் என்றோம். அடுத்த நாளே பழைய விளம்பரம் காணாமல் போனது. நல்லவேளை, எங்களிடம் அதன் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. அதை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. நீங்களும் பணம் கட்டும் அன்றே விளம்பரத்தை முழுசாகப் படம் எடுத்து வையுங்கள். ஸ்வீப் யார், அவர் எந்த வண்டியில் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் பாதிக்கு மேல் தராதீர்கள்.

புது விளம்பரம் வந்துவிட்டது. அதன் மேலே போட்டிருப்பது அந்தப் புல்தரை வரிசையின் ட்ரோன் படம்தான். 34 வண்டிகளும் நேராக நிற்கின்றன.