கூலிங் டவர் பரிசோதனை என்று 12 மாதப் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்

உண்மையான லேப் முடிவு இன்று காலைதான் வந்தது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் கோபம் ஆறி நாகரிகமாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. மொட்டை மாடியில் இரண்டு கூலிங் டவர், அதாவது ஏசிக்கான தண்ணீரை விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டிகள். மருந்து போடுவது, சுத்தம் செய்வது, அந்தத் தண்ணீரில் வளரக்கூடிய லீஜியோனெல்லா என்ற கிருமிக்கான பரிசோதனை, பதிவேடு எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் விட்டால் தலைவலி குறையும் என்று நினைத்தேன். கட்டடக்காரர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்துவைக்கும் ஓர் இணையத் தளத்தில் பிடித்த நிறுவனம் அது.

முதல் நாள் வந்தவர் நேராக மாடிக்கு ஏறினார். தொட்டிக்குள் கையை விட்டு, ஓரத்தில் படிந்திருந்த வழவழப்பை விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "சார், இதுக்குள்ளதான் கிருமி ஒளிஞ்சிருக்கும். குளோரின் மேலாக ஓடிடும், உள்ளே இறங்காது." பிறகு, தண்ணீர்த் துளி வெளியே பறக்காமல் தடுக்கும் டிரிஃப்ட் எலிமினேட்டரில் உடைந்திருந்த இரண்டு தகடுகளைக் காட்டினார். பழைய ஒப்பந்தக்காரர் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அந்த விரலைப் பார்த்துத்தான் விழுந்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி, அதுதான் இப்போதும் வயிறு எரிகிறது. ஓர் ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார். 12 மாதப் பணம், ஒரே தவணையில் கட்டினேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை வந்தது. முத்திரை, கையெழுத்து, "கண்டறியப்படவில்லை". நானும் கோப்பில் குத்தி வைத்துக்கொண்டே போனேன்.

இரண்டு வாரம் முன்பு ஆய்வுக்கு வந்த அதிகாரி கோப்பைப் புரட்டி, தேதிகளில் விரலை வைத்தார். மாதிரி எடுத்தது திங்கள், முடிவு வியாழன். "வளர்ப்பு முறை என்று போட்டிருக்கிறது. மூன்று நாளில் எப்படி 'இல்லை' என்று சொன்னார்கள்?" வளர்ப்பு முறை என்றால் மாதிரியைத் தட்டில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. லீஜியோனெல்லா மெதுவாக வளரும் ஜாதி. இல்லை என்று முடிவு சொல்லவே தட்டை ஏறக்குறைய பத்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையில் இருந்த லேபுக்குப் போன் போட்டேன். அப்படி ஒரு மாதிரி எண்ணே தங்களிடம் இல்லை என்றார்கள்.

அன்றே வேறு ஆளை வைத்து மாதிரி எடுத்து, டவர்களை நிறுத்தி, வடித்துக் கழுவிக் கிருமிநீக்கம் செய்தோம். இன்று வந்த முடிவில், நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டிய அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. டவர் விசிறி வெளியே தள்ளும் நுண்துளியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குள் போகிற கிருமி இது. பிரிட்டனில் பாரோ நகரத்தில் 2002-ல் ஒரு கலை மையத்தின் ஏசி அமைப்பிலிருந்து பரவி 7 பேர் செத்தார்கள். அபராதம் நகராட்சி மன்றத்துக்கும் அதன் ஊழியர் ஒருவருக்கும்தான் விழுந்தது. ஒப்பந்தக்காரரைக் கை காட்டினால் நாம் தப்பிக்க முடியாது. எங்கள் கட்டடத்தில் இதுவரை யாருக்கும் காய்ச்சல் இல்லை. அந்த ஒன்றில்தான் உயிர் ஓடுகிறது.

சரி, அந்த நிறுவனம் என்ன சொன்னது? முதல் நாள், "லேப்ல டைப்பிங் மிஸ்டேக் சார்." இரண்டாம் நாள், "அந்த ஆளு லீவு." அப்புறம் போனே எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒப்பந்தத்தில் "பரிசோதனைக்கு ஏற்பாடு" என்றுதான் இருக்கிறதாம், "பரிசோதனை" என்று இல்லையாம்! இணையத் தளமோ, நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம், 30 நாளுக்குள் புகார் தந்திருக்க வேண்டும் என்கிறது. மூன்று மாதம் கழித்து வரும் அறிக்கை பொய் என்று 30 நாளில் எனக்கு எப்படித் தெரியும்? ஆக 12 மாதப் பணம் போச்சு. கழுவியதற்கும் மறுபரிசோதனைக்கும் கொடுத்தது தனி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. லேபை நீங்களே தேர்ந்தெடுங்கள், அறிக்கை லேபிலிருந்து நேராக உங்களுக்கு வரட்டும். இரண்டு தேதிகளையும் பாருங்கள். மாதிரி பாட்டிலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தண்ணீரில் இருக்கும் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்றுவிடும், முடிவு அழகாக வரும். மருந்து போட்ட கையோடு மாதிரி எடுக்க விடாதீர்கள். தண்ணீரில் முக்கி எடுக்கும் டிப் ஸ்லைடு என்ற சின்னப் பட்டையைக் காட்டி லீஜியோனெல்லா பரிசோதனை என்றால் நம்பாதீர்கள், அது பொதுவான பாக்டீரியா எண்ணிக்கைக்கு மட்டும்தான். மொத்தப் பணத்தை முன்னால் கட்டவே கட்டாதீர்கள்.

மறுமாதிரி எடுக்க ஆள் வந்து மாடிப்படியில் நிற்கிறார். இந்த முறை பாட்டிலை மூடி, பெயர் ஒட்டி, பெட்டியில் வைக்கும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டேன்.